காதுக்கு முற்றமா, அறையா?

இரவு பதினொன்றரை மணி இருக்கும். கட்டிலில் சாய்ந்துகொண்டு, அன்றுதான் கைக்கு வந்த ஹெட்போனில் இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்' கேட்டுக்கொண்டிருந்தேன். 1986இல் வெளிவந்த தொகுப்பு. வயலின்கள் ஒன்றையொன்று துரத்திப் போகும் இடம் வந்தபோது, தூங்கிவிட்டாள் என்று நான் நினைத்த மனைவி கண்ணைத் திறக்காமலே சொன்னாள்: "எனக்கும் கேட்குதுங்க. காலையில ஆறு மணிக்கு எந்திரிக்கணும்."

கழற்றிக் கையில் வைத்துப் பார்த்தேன். சென்ஹைசர் எச்.டி. 800 எஸ். வேறொருவர் இரண்டு வருடம் பயன்படுத்தியதுதான். அப்படியும் அந்தக் காசுக்கு ஓடுகிற நிலையில் ஒரு சின்ன கப்சாய் மோட்டார்சைக்கிள் வாங்கியிருக்கலாம். கிண்ணங்களின் வெளிப்பக்கம் வலை போட்டிருக்கிறது. தலையிலிருந்து எடுத்த பிறகும் அந்த வயலின்கள் கொசு இரைவதுபோல அறைக்குள் ஓடிக்கொண்டிருந்தன. இப்படிச் சத்தம் வெளியே போகும் என்பது வாங்கும்போதே தெரிந்த விஷயம். ஆனால் எந்த வீட்டில், யார் பக்கத்தில் இருந்து கேட்கப்போகிறோம் என்பதை நான் யோசிக்கவே இல்லை. விலை கூடிய ஹெட்போன் வாங்க நினைக்கும் நம்மவர்கள் பலர் யோசிக்காமல் விடுவதும் அதைத்தான். எது சிறந்தது என்று கேட்கிறார்கள். வீடு எப்படிப்பட்டது என்று யாரும் கேட்பதில்லை.

ஹெட்போன் என்பது காதோடு ஒட்டி வைத்த சின்ன ஒலிபெருக்கி. அதன் சவ்வு அதிரும்போது முன்பக்கம் எவ்வளவு சத்தம் பிறக்கிறதோ, அவ்வளவு சத்தம் முதுகுப் பக்கமும் பிறக்கிறது. முன்னால் பிறப்பது நமக்கு. பின்னால் பிறப்பதை என்ன செய்வது? வெளியே போகட்டும் என்று வலையைப் போட்டு விட்டுவிட்டால் அது ஓப்பன் பேக். கிண்ணத்துக்குள் அடைத்து வைத்தால் குளோஸ்டு பேக். ஒரு ஹெட்போனுக்குக் கொட்டிக் கொடுக்கும் காசில் பெரும்பங்கு இந்த ஒரு கேள்விக்கான பதிலுக்குத்தான் போகிறது.

கடம் வாசிப்பவரைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும். பானையின் வாயை வயிற்றோடு சேர்த்து வைத்துத் தட்டினால் ஒரு நாதம். கொஞ்சம் விலக்கினால் வேறு நாதம். பானையும் மாறவில்லை, விரலும் மாறவில்லை. உள்ளே இருக்கும் காற்றுக்கு வழி உண்டா இல்லையா என்பது மட்டும்தான் மாறியது. விக்கு விநாயக்ராம் போன்ற மேதைகள் அந்த வாயைத் திறப்பதையும் மூடுவதையுமே ஒரு வித்தையாக்கிக் காட்டினார்கள். ஹெட்போன் செய்பவருக்கோ அந்தக் காற்று பேசவே கூடாது. பாடகர் பாடாத எதையும் கிண்ணம் தானாகச் சேர்த்துவிடக் கூடாது.

இது எவ்வளவு கஷ்டம் என்று ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். நம் ஊர் வெப்பத்தில் ஒலி நொடிக்குச் சுமார் 348 மீட்டர் போகும். 6,000 ஹெர்ட்ஸ் ஒலியின் ஓர் அலை ஏறக்குறைய 6 சென்டிமீட்டர் நீளம். அதில் பாதி 3 சென்டிமீட்டர். ஒரு ஹெட்போன் கிண்ணத்தின் ஆழமும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். ஆகவே அந்த ஒலி கிண்ணத்தின் சுவருக்கும் சவ்வுக்கும் நடுவே முட்டி மோதித் தன்னைத்தானே பெருக்கிக்கொள்ளும். பாடகியின் 'ச', 'ஸ' எல்லாம் காதைக் கீறும் வட்டாரம் அது. பஞ்சு வைத்து அடக்கலாம். அதிகம் வைத்தால் பாட்டின் உயிரும் சேர்ந்து அடங்கிப்போகும். கீழே பேஸ் பக்கம் இன்னொரு சிக்கல்: அடைபட்ட காற்று சுருள்வில் மாதிரி சவ்வைத் திருப்பித் தள்ளும். திறந்த முதுகுக்கு இந்தத் தொல்லைகள் மிகக் குறைவு. அதற்குப் பதிலாக, பழைய பாணி டிரைவர் (சவ்வை அதிரவைக்கும் அமைப்பு) உள்ளவற்றில் ஆக அடியில் இருக்கும் பேஸ் கொஞ்சம் கரைந்துபோகும்.

நீண்ட காலம் ஏறக்குறைய எல்லா ஹெட்போனும் மூடியதாகத்தான் இருந்தது. ஜெர்மனியின் பேயர்டைனமிக் 1937இல் டி.டி. 48ஐக் கொண்டுவந்தது. அமெரிக்காவில் ஜான் காஸ் 1958இல் ஸ்டீரியோ ஹெட்போனை வீட்டுக்குள் கொண்டுபோனார். 1968இல் சென்ஹைசர் எச்.டி. 414 என்று ஒன்றை வெளியிட்டது. மஞ்சள் பஞ்சு வைத்த, கைக்குக் கனமே தெரியாத சாதனம். முதுகு திறந்த முதல் ஹெட்போன் என்று சொல்லப்படுவது அதுதான். அதன் வம்சத்தில் 1997இல் எச்.டி. 600 வந்தது, 2009இல் எச்.டி. 800, 2016இல் அதன் திருத்திய வடிவமான 800 எஸ்.

அப்புறம் 2018இல் அதே நிறுவனம் ஒரு துணிச்சலான காரியம் செய்தது. 800இல் இருக்கும் அதே 56 மில்லிமீட்டர் டிரைவரை எடுத்து, வலை இருந்த இடத்தில் உள்நோக்கி வளைந்த கண்ணாடியைப் பொருத்தி, எச்.டி. 820 என்று பெயர் வைத்தது. பின்பக்கச் சத்தம் அந்தக் கண்ணாடியில் பட்டு ஓரங்களுக்குத் திரும்பி, அங்கே இருக்கும் உறிஞ்சிகளில் அடங்கிவிட வேண்டும் என்பது திட்டம். வெளிவந்தபோது 800 எஸ்ஸின் விலை 1,699 அமெரிக்க டாலர், 820இன் விலை 2,399. முதுகை மூடுவதற்கு மட்டும் 700 டாலர் கூடுதல். இதே மாதிரி ஜோடிகள் மற்றவர்களிடமும் உண்டு. பிரான்ஸின் ஃபோகல் 2016இல் திறந்த யுடோபியாவையும் 2019இல் மூடிய ஸ்டெல்லியாவையும் செய்தது. அமெரிக்காவின் டான் கிளார்க் நிறுவனம் மாற்றி நடந்தது: 2021இல் மூடிய ஸ்டெல்த், அதற்கு அடுத்த ஆண்டு திறந்த எக்ஸ்பான்ஸ்.

இரண்டு வாரம், இரண்டு முதுகு

கோலாலம்பூர் நண்பர் ஒருவர் தன் 820ஐ எனக்கு இரண்டு வாரம் கொடுத்தார். இரண்டையும் ஒரே ஆம்ப்ளிஃபையரில் மாட்டி, சத்தத்தை முடிந்தவரை சமமாக வைத்து, எனக்கு மனப்பாடமான பாட்டுகளாகப் பார்த்துக் கேட்டேன். ஆம்ப் இல்லாமல் போனில் நேரே செருகிக் கேட்டுவிட்டு "இதற்கா இவ்வளவு விலை?" என்பவர்கள் இருக்கிறார்கள். 300 ஓம் மின்தடையுள்ள ஹெட்போன் அப்படித்தான் உயிரில்லாமல் ஒலிக்கும். அது ஹெட்போனின் குற்றமில்லை.

முதலில் உறுமி. மலேசியத் தமிழர்களின் காதுக்கு அதைவிடச் சரியான தேர்வு கிடையாது. தைப்பூசத்தன்று பினாங்கின் தண்ணீர்மலை போகும் வழியில் உறுமி மேளக் குழுவின் பக்கத்தில் நின்றவர்களுக்கு அந்தச் சத்தம் நெஞ்சுக்கூட்டில் ஏறுவது தெரியும். ஒரு முகத்தில் வளைந்த குச்சியைத் தேய்த்து இழுக்கும்போது வரும் அந்த முனகல், தோலில் குச்சி உரசும் கரகரப்பும் அடிவயிற்று ஊமைச் சத்தமும் சேர்ந்தது. 800 எஸ்ஸில் அந்தக் கரகரப்பு அச்சாகக் கிடைத்தது. குச்சி எங்கே அழுந்துகிறது, எங்கே வழுக்குகிறது என்று விரல் வைத்துக் காட்டலாம். ஆனால் நெஞ்சில் ஏற வேண்டியது ஏறவில்லை. 820இல் ஏறியது. கண்ணை மூடினால் காவடிக்குப் பின்னால் நடக்கிற மாதிரியே இருந்தது. கனமான தோல் வாத்தியங்களுக்கு நான் யோசிக்காமல் மூடியதைத்தான் எடுப்பேன்.

அதே 820இல் யேசுதாஸ் பாடும்போது அவர் குரலில் கொஞ்சம் சதை குறைந்துபோயிற்று. 300 ஹெர்ட்ஸ் வட்டாரத்தில் இந்த ஹெட்போனுக்கு ஒரு பள்ளம் இருப்பது ஏற்கெனவே பலர் அளந்து சொன்ன விஷயம். ஆண் குரலின் உடம்பு உட்காரும் இடம் அது. இன்னொன்றையும் கவனித்தேன். நான் மூக்குக்கண்ணாடி போடுகிறவன். கண்ணாடியின் காம்பு மெத்தைக்கும் கன்னப்பொறிக்கும் நடுவே மயிரிழை இடைவெளி விட்டால் போதும், மூடிய ஹெட்போனின் பேஸ் அதன் வழியாகவே ஓடிவிடுகிறது. கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டால் வேறு ஹெட்போன். கண்ணாடி போடுபவர்கள் கடையில் கண்ணாடியோடேயே கேட்டுப் பார்த்து வாங்குங்கள்.

அடுத்து நாதஸ்வரம். அது நான்கு சுவருக்குள் வாசிப்பதற்குப் பிறந்த வாத்தியமே இல்லை. கோயில் வீதிக்கும் தேர் முன்னாலும் பிறந்தது. அதை மூடிய கிண்ணத்துக்குள் கேட்பது தேரைக் கொட்டகைக்குள் நிறுத்திப் பார்ப்பது போலத்தான். 800 எஸ்ஸில் சீவாளியின் காற்றும் ஒத்தின் ரீங்காரமும் தவிலின் இடமும் தனித்தனியாக, தலைக்கு வெளியே எங்கோ நிற்பதுபோலக் கேட்டன. நல்ல நேரடிக் கச்சேரிப் பதிவுகளில் திறந்த முதுகு தரும் இந்த வெளி வேறெதிலும் கிடைக்காது என்று தயங்காமல் சொல்வேன்.

ஆனால் ஒரு விஷயத்தை விற்பவர்கள் நம்மிடம் சொல்வதில்லை. திறந்த ஹெட்போனின் பெருமையே அந்த 'மேடை'தான்: இடது, வலது, தூரம், பக்கம். நம் வீடுகளில் அதிகம் கேட்கும் பாட்டுகளுக்கோ மேடையே கிடையாது. டி.எம்.எஸ்., சுசீலா, பி.பி.ஸ்ரீநிவாஸ் காலத்துத் திரைப்பாடல்கள் மோனோவில் பதிவானவை. இரண்டு காதுக்கும் ஒரே ஒலி. 'கொஞ்சும் சலங்கை'யில் 1962இல் ஜானகியின் குரலும் காருகுறிச்சி அருணாசலத்தின் நாதஸ்வரமும் போட்டி போட்டுக்கொண்டு ஏறுகின்றனவே, அந்தப் போட்டி நடப்பது நம் இரு புருவங்களுக்கு நடுவே ஒரே புள்ளியில். எத்தனை ஆயிரம் வெள்ளி கொடுத்தாலும் அவர்களை இடமும் வலமுமாக உட்கார வைக்க முடியாது. தமிழில் ஸ்டீரியோ பதிவின் தொடக்கமாகச் சொல்லப்படுவது 1978 டிசம்பரில் வந்த 'ப்ரியா', ரஜினியை சிங்கப்பூருக்குக் கூட்டி வந்த படம். அதற்குப் பிறகுதான் நம் பாட்டுகளில் இடமும் வலமும் மெல்ல மெல்ல வந்தது. 1992இன் 'ரோஜா'வுக்கு வரும்போது 800 எஸ் சிறகை விரிக்கிறது. அதற்கு முன்னால் உள்ளவற்றில் அதன் கூர்மை இசைத்தட்டின் கீறலையும் டேப்பின் இரைச்சலையும்தான் முதலில் எடுத்துக் காட்டுகிறது.

ஆகவே உங்கள் சேகரிப்பில் முக்கால்வாசி பழைய பாட்டு என்றால், என் மனதில் பட்டதைச் சொல்கிறேன்: இந்த இரண்டுமே வேண்டாம். இருபத்தைந்து வருடத்துக்கும் மேலாக உலகம் கொண்டாடும் அந்த எச்.டி. 600 போதும். திறந்ததுதான், மேடை சின்னதுதான். ஆனால் மனிதக் குரலை அதைவிட மரியாதையாக நடத்தும் ஹெட்போனை நான் கேட்டதில்லை. மிச்சமாகும் காசுக்கு நல்ல பதிவுகளைத் தேடி வாங்கலாம்.

கடைவீட்டில் ஒரு காது

நான் குடியிருக்கும் பினாங்கு ஜார்ஜ்டவுனின் கடைவீட்டை வெளியூர்க்காரர்களுக்குக் கொஞ்சம் விளக்க வேண்டும். முகப்பு குறுகல், உள்ளே போகப் போக நீளம். இரண்டு பக்கமும் அடுத்த வீட்டோடு பொதுச் சுவர். முன்னால் அஞ்சடி என்ற நடைபாதை. நடுவில் வானத்துக்குத் திறந்த முற்றம். மாடித்தரை பலகை. வெயிலும் மழையும் காற்றும் உள்ளே வந்து போகக் கட்டியவர்கள், சத்தமும் அதே வழியில் வந்து போகும் என்பதை ஏற்றுக்கொண்டே கட்டினார்கள். கட்டடமே ஓப்பன் பேக்.

அந்த முற்றத்தின் வழியே எனக்கு வரும் சத்தங்கள் இவை: கடைத்தெருப் பக்கம் பாட்டுக்கடைகள் வாசலில் வைத்திருக்கும் பெட்டிகளிலிருந்து எந்நேரமும் ஒரு புதுப்படப் பாட்டு. கப்பித்தான் கிலிங் பள்ளிவாசலின் பாங்கு. 1833 முதல் இருக்கும் மகாமாரியம்மன் கோயிலின் மணி. கப்சாய்கள். ஒரு காலத்தில் இதோடு உழவாரக் குருவிகளின் கீச்சொலியும் உண்டு. குருவிக்கூட்டு வியாபாரத்துக்காகப் பழைய கட்டடங்களைப் பூட்டி, ஒலிபெருக்கியில் குருவிச் சத்தத்தை இரவு பகலாக ஓடவிட்டுப் பறவைகளை வரவழைப்பார்கள். யுனெஸ்கோ 2008இல் உலகப் பாரம்பரிய நகரமாக அறிவித்த வட்டாரத்திலிருந்து இந்தக் குருவிப் பண்ணைகளை 2013 முடிவுக்குள் அகற்றச் சொல்லி அரசு உத்தரவிட்டது. இந்தச் சத்தங்களில் பாதியை நான் நேசிக்கிறேன். ஆனால் அவற்றுக்கு நடுவே வீணையின் கமகம் தேய்ந்து மறைவதை 800 எஸ்ஸில் கேட்க முடியாது. மேலே சுற்றும் மின்விசிறியின் இறக்கை காற்றை வெட்டுவதுகூட வலை வழியாக உள்ளே வருகிறது. விசிறியை நிறுத்தினால் ஐந்து நிமிடத்தில் சட்டை நனைந்துவிடும்.

வெளிச்சத்தம் கூடக்கூட நம் கை தன்னையறியாமல் ஒலியைக் கூட்டும். இங்கேதான் எனக்குப் பயம். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் கணக்கு எளிது: 80 டெசிபல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம். ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் நேரம் பாதியாகும். 90க்குப் போனால் வாரத்துக்கு 4 மணி நேரம்தான். போன காது திரும்பாது. பகலில், தெருப்பக்க அறையில், திறந்த ஹெட்போனில் பாட்டை இரைச்சலுக்கு மேல் ஏற்றிக் கேட்கும் இளைஞர்களைப் பார்த்தால் அந்த ஹெட்போனைப் பிடுங்கி வைத்துவிடத் தோன்றுகிறது. அங்கே மூடியதுதான் வேண்டும். மூடியதும் எல்லாவற்றையும் தடுக்காது. பேச்சு, மணி, கீச்சொலி போன்ற மேல்ஸ்தாயிச் சத்தங்களை நன்றாக நிறுத்தும். பேருந்தின் உறுமலையும் ஏர்கோன் கம்ப்ரஸரின் முனகலையும் அவ்வளவாக நிறுத்தாது. அந்த அடிச்சத்தத்தை எதிர்ச்சத்தத்தால் அழிக்கும் வித்தையை வளர்த்தவர்களில் முதல்வர் அமர் போஸ், வங்காளத்திலிருந்து அமெரிக்கா போனவரின் மகன். 1978இல் விமானத்தில் வரும்போது அவருக்குத் தோன்றிய யோசனை அது.

போஸ் நிறுவனம் நம் பினாங்கின் பத்து காவானிலேயே ஆலை நடத்தியது என்பது பலருக்கு நினைவில் இருக்கும். 1972இல் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டைக்கு முதலில் வந்த எட்டு நிறுவனங்களில் கார் ஆடியோ செய்யும் கிளாரியனும் ஒன்று. சோனியின் பினாங்கு ஆலையிலிருந்து வீட்டு ஆடியோ சாதனங்களும் ஹெட்போன்களும் போயின. அதை மூடி உற்பத்தியை சிலாங்கூருக்கு மாற்றப்போவதாக 2021 தொடக்கத்தில் அறிவிப்பு வந்தது. தோட்டங்களை விட்டு வந்த நம் குடும்பங்களின் பெண்கள் விடியற்காலை கம்பெனி பஸ்ஸில் ஏறிப் போனது இப்படிப்பட்ட ஆலைகளுக்குத்தான். உலகத்தின் காதுகளுக்கு இங்கிருந்து இத்தனை போயிருக்கின்றன. ஆனால் உயர்ரக ஹெட்போனை மாட்டிப் பார்க்க வேண்டுமென்றால் நான் இன்னும் கோலாலம்பூருக்குத்தான் பஸ் ஏறுகிறேன்.

அதே சோனி 1989இல் ஜப்பானில் செய்த எம்.டி.ஆர். ஆர் 10 என்ற மூடிய ஹெட்போனை உலகம் இன்றும் பேசுகிறது. கிண்ணத்தை முற்றிய ஸெல்கோவா மரத்தில் குடைந்தார்கள். தஞ்சாவூர் வீணையின் குடத்துக்கு ஆசாரிகள் பலாமரம் தேடுவதுபோல இவர்களும் எந்த மரம் எப்படி ஒலியை விழுங்கும் என்று தேடியிருக்கிறார்கள். திறந்த ஹெட்போனைச் செய்வதில் இயற்கை பாதி உதவி செய்துவிடுகிறது. ஒரு நல்ல மூடிய ஹெட்போனோ அங்குலம் அங்குலமாகப் போராடிப் பெற்றது. மூடியது என்றாலே இரண்டாம் தரம் என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

எதை வாங்கினாலும் நம் ஈரக்காற்றுக்கு ஒரு வழி செய்தாக வேண்டும். தோல் மெத்தையில் வியர்வை ஊறிப் பூஞ்சை பூக்கும், செயற்கைத் தோல் இரண்டே வருடத்தில் செதில் செதிலாக உரியும். துடைத்து, கேமராக்காரர்கள் வைத்திருக்கும் ட்ரை பாக்ஸில் வையுங்கள். திறந்ததில் தூசியும் முடியும் வலை வழியே சவ்வுவரை போகும்; மேலே ஒரு துணியாவது போடுங்கள்.

இரண்டு வாரம் முடியும் தறுவாயில் ஒரு நாள் மதியம். 820ஐ மாட்டிக்கொண்டு எழுதிக்கொண்டிருந்தேன். தெருவே இல்லாமல் போயிருந்தது, அவ்வளவு நிம்மதி. கழற்றியபோது கீழேயிருந்து அம்மாவின் குரல், ஏற்கெனவே களைத்துப்போன குரல். முற்றத்தில் வழுக்கி உட்கார்ந்துவிட்டார். அடி பெரிதில்லை. ஆனால் என்னைப் பல தடவை கூப்பிட்டிருக்கிறார். "பாட்டு கேட்டுக்கிட்டு இருந்தியா தம்பி" என்று மட்டும்தான் கேட்டார்.

820ஐத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். பகலில் வேலைக்கென்று விலை குறைந்த மூடிய ஹெட்போன் ஒன்று வைத்திருக்கிறேன், மனைவி வீட்டில் இருக்கும்போது மட்டும். 800 எஸ்ஸை நள்ளிரவு தாண்டி, முன்னறையில், கட்டிலுக்கு வெகு தூரத்தில் உட்கார்ந்து எடுக்கிறேன். அந்த நேரத்தில் பாட்டுக்கடைகள் பூட்டியிருக்கும், விசிறியை மெல்ல ஓடவிட்டாலே போதும்.

நேற்றும் அப்படித்தான். காருகுறிச்சியார் மேலே ஏறிக்கொண்டிருந்தார். அதற்கு நடுவே, வலைக்கு அந்தப் பக்கம், கீழ்த்தளத்தில் ஊன்றுகோல் தரையைத் தொடும் சத்தம் ஒரு முறை கேட்டது. ஹெட்போனை நாற்காலியில் வைத்துவிட்டு இறங்கினேன். படியில் கால் வைத்த பிறகும் நாதஸ்வரம் பின்னால் மெலிதாகக் கேட்டுக்கொண்டிருந்தது.